தொட்டல்லாவைத் தாண்ட ஒரு ஜோடி பூட்ஸ்

செப்டம்பர் 7, ஓசூர்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்த மைத்துனன் வாசலில் கழற்றிவிட்ட பூட்ஸ்தான் முதலில் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது. வலது பூட்ஸுக்கு சோல் இல்லை. இடதில் சோல் இருந்தது. அதையும் பிளாஸ்டிக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

“தொட்டல்லா ஆத்துல இறங்குறப்பவே கழண்டுடுச்சு மாமா. சேத்துல தேடிப் பாத்தேன், கெடைக்கல.”

“எங்க வாங்குன?”

“சந்தையில. புதுசுதான் மாமா, பெட்டியோட இருந்துச்சு.”

பெட்டியோடு இருந்ததுதான் வினை. அவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் சேஃப்டி ஷூ வாங்குவது அவர் பொறுப்பு. கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த ஷூ, ஒருநாள்கூட யாரும் போடாமலேயே ரஸ்க் மாதிரி உதிர்வதைப் பார்த்தவர். விலை குறைந்த பூட்ஸ்களில் பலவற்றுக்குப் பாலியூரித்தேன் சோல்தான். எடை இருக்காது, காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே போகும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாலும் தப்பாது.

மிச்சமிருந்த சோலைத் திருப்பிப் பார்த்தார். நடுப்பகுதியில் சிறு வட்டம், அதைச் சுற்றி மாத எண்கள், ஒரு அம்புக்குறி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். வார்ப்பு அச்சிலேயே பதிகிற தேதி அது. சந்தையில் ‘புதுசு’ என்று விற்கப்பட்ட ஷூ பிறந்து ஐந்து வருடம் தாண்டியிருந்தது.

மைத்துனனுக்கு அஞ்செட்டி பக்கம் வேலை. பதவிப் பெயர் வேட்டைத் தடுப்புக் காவலர். தொகுப்பூதியம். கையில் ஒரு தடி, ஒரு டார்ச். முன்பு வேட்டைக்காரர்கள் நடந்த தடத்தில் இப்போது அவர்களைத் தடுக்க இவர்கள் நடக்கிறார்கள்.

செப்டம்பர் 13

அந்தத் தடத்தில் நடந்தவர்களில் பெயர் பெற்றவர் கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்த பெங்களூர்க்காரர். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை, விடுமுறை கிடைத்தால் காடு. 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியும் கும்ளாபுரத்தின் சிறுத்தையும் வருகின்றன. இரண்டு ஊருக்கும் ஓசூரிலிருந்து தளி வழியாக இன்றைக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். வடக்கே வேட்டையாடிய ஜிம் கார்பெட் கனத்த பூட்ஸை விட மெல்லிய ரப்பர் சோல் காலணிகளையே நம்பினார். வேட்டைக்காரனுக்கு முதல் தேவை சத்தம் கேட்கக் கூடாது, இரண்டாவது தேவை காலுக்கு அடியில் இருக்கும் கல்லும் சுள்ளியும் பாதத்துக்குத் தெரிய வேண்டும். நம் ஊரில் தடம் பார்க்கிறவர்கள் வெறுங்காலோடு போனதும் இதே கணக்கில்தான்.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டை முடிந்தது. 2014-இல் 504 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2022-இல் அதையொட்டி 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு. நாட்டுத் துப்பாக்கியும் சுருக்குக் கம்பியும் மட்டும் முழுசாக ஒழியவில்லை. காவலர் நடக்கிற தூரம் அந்தக் கால வேட்டைக்காரர் நடந்ததை விடக் குறைவாக இருக்காது. வித்தியாசம் ஒன்று உண்டு. வேட்டைக்காரர் தனக்குத் தோதான பருவத்தில் போனார். காவலருக்கு மழையும் ஒன்று, வெயிலும் ஒன்று.

செப்டம்பர் 14, பாகலூர் சாலை

மைத்துனனுக்குப் புது பூட்ஸ் தேடிப் போன கடையில், கடைக்காரர் கன்னடத்தில் வரவேற்று, தெலுங்கில் பையனிடம் பெட்டி எடுக்கச் சொல்லி, தமிழில் விலை சொன்னார். ஓசூரில் இது யாருக்கும் வியப்பில்லை.

முதலில் எடுத்து வைத்தது சேஃப்டி ஷூ. தொழிற்பேட்டை ஊரில் பூட்ஸ் என்றாலே அதுதான். ஐஎஸ் 15298 என்ற தர எண், விரல்களின் மேல் 200 ஜூல் அடியைத் தாங்கும் இரும்புத் தொப்பி. மேலேயிருந்து இரும்பு விழும் இடத்தில் இதைப் போல ஒரு துணை கிடையாது. மேலகிரி மலைச் சரிவில் இறங்கும்போது அதே தொப்பி பகையாகிவிடும்: ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் முன்னால் சரிந்து விரல் நகம் இரும்பில் முட்டும். கணுக்காலும் திறந்து கிடக்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள பூமியில், பாம்புக்கடி அதிகம் படுவது பாதத்திலும் கணுக்காலிலும்தான். எட்டு அங்குல உயரமாவது வேண்டும் என்று அவர் அங்கேயே முடிவு செய்தார்.

அடுத்து தோல். ‘ஒரிஜினல் லெதர்’ என்ற முத்திரை எதையும் சொல்வதில்லை. மாட்டுத் தோலைக் கிடைமட்டமாகப் பிளந்தால் மேலடுக்கில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், அடியடுக்கில் தளர்ந்திருக்கும். அந்த அடியடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியதையும் தோல் என்றே விற்கிறார்கள். முள் கிழித்து, ஈரம் உள்ளே போனால் பூச்சு தனி, தோல் தனி. கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் விரிந்து மறைய வேண்டும். அசையாமல் வழவழவென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். லேஸ் துளைக்குப் பக்கத்தில் வெட்டுமுனை தெரியும். அங்கே பார்த்தால் தோலின் தடிமன் கண்ணுக்கே புலப்படும். இரண்டு மில்லிமீட்டர் நல்ல அளவு.

கண்ணாடிபோல் மின்னிய ஒரு ஜோடியை அவர் ஓரமாகத் தள்ளினார். “அதுதான் சார் நல்லாப் போகுது” என்றார் கடைக்காரர். போகட்டும். கல்யாணத்துக்கு ஆகும்.

அக்டோபர் 4, வாணியம்பாடி

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைச் சாலையில் பர்கூர், நாட்றம்பள்ளி தாண்டினால் வாணியம்பாடி. பர்கூர் சிப்காட்டில் வெளிநாட்டுச் சந்தைக்கான விளையாட்டுக் காலணிகள் தயாராகின்றன. ஓசூரிலேயே பாட்டாவின் ஆலை இருக்கிறது. வாணியம்பாடியைத் தாண்டிப் போனால் ஆம்பூர், ராணிப்பேட்டை. இத்தனை காலணிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு காவலருக்கு ஏற்ற பூட்ஸைத் தேடி அலைய வேண்டியிருப்பதை அவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஆம்பூரில் கட்டிங் பிரிவில் வேலை செய்பவர். அவர் சிரிக்கவில்லை.

தோல் பதனிடும் ஆலையில் இருக்கும் பழைய சிநேகிதர் ஒரு வேடிக்கை காட்டினார். நீலநிறத்தில் ஈரமாக இருந்த தோலிலிருந்து சிறு துண்டு வெட்டி, அதன் ஓரத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டார். சில நிமிடம் கழித்து எடுத்து அதே கோட்டின்மேல் வைத்தார். அளவு மாறவில்லை. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் என்பதற்கு அதுவே சான்று. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலாக இருந்திருந்தால் கொதிநிலைக்கு வெகு முன்பே சுருங்கியிருக்கும்.

ஆவாரம் பட்டைத் தோலுக்கு இந்த வட்டாரத்தில் பெரிய வரலாறு உண்டு. சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் வரைக்கும் போன சரக்கு அது. இன்றும் பெல்ட், பை, செருப்பின் உள்ளடி என்றால் அதன் உறுதியே தனி. ஆனால் மாறி மாறி நனைந்து காய்கிற பூட்ஸின் மேல்பகுதிக்குக் குரோமியத் தோல்தான் பொருந்தும் என்பது சிநேகிதரின் கட்சி. 1948-இல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி எடுத்தவர்; ஒரு வாதத்தைச் சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டார். அந்தக் குரோமியம் பாலாற்றுக்கு என்ன செய்தது என்று கேட்டபோது மட்டும், தோல் ஆலைக் கழிவு பற்றிய 1996-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லி, சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க வாருங்கள் என்றார். பார்க்க நேரமில்லை. கடைசி பஸ்.

அக்டோபர் 19

தீபாவளிக்கு முந்தைய நாள். மைத்துனன் வந்தான். வீட்டில் வாக்குவாதம்.

அவன் கட்சி கான்வாஸ். காவலர் பலரும் போடுவது ராணுவப் பாணித் துணி பூட்ஸ்தான், ‘ஹண்டர் ஷூ’ என்று கேட்டால் கடையில் கிடைக்கும். விலை மலிவு, சீக்கிரம் காயும், சத்தமில்லை, யானை துரத்தினால் ஓடலாம். கடைசிக் காரணத்துக்கு அவரிடம் பதில் இல்லை.

அவர் கட்சி தோல். காரணம் உண்ணிச்செடிப் புதரும் முள்ளும். ஒரு மழைக்காலத்துக்குள் துணி சல்லடையாகிவிடுகிறது, உண்ணிப் பூச்சி உள்ளே போகிறது.

வியட்நாமில் அமெரிக்கப் படையும் இதே சிக்கலில் மாட்டியது. அவர்கள் கண்ட வழி இரண்டுக்கும் நடுவானது: விரல்பகுதியும் குதிகாலும் தோல், மேலே நைலான் துணி, உட்பாதத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வெளியேற இரண்டு துளைகள். பதுக்கி வைத்த மூங்கில் முனை பாதத்தில் ஏறாமலிருக்க சோலுக்குள் உலோகத் தகடும் பின்னால் சேர்ந்தது. தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டு செய்த பூட்ஸ் அது.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது இதற்கு நேர்மாறான சரக்கு. 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த நுண்துளைச் சவ்வை உள்ளே ஒட்டிய ‘வாட்டர்புரூஃப்’ பூட்ஸ். வெளித் தண்ணீரை விடாது, வியர்வை ஆவியை வெளியே அனுப்பும். ஐரோப்பியக் குளிரில், பனி ஈரத்தில் அது அருமையான பொருள். அஞ்செட்டியில் தொட்டல்லா முழங்கால் மட்டம் ஓடும்போது தண்ணீர் மேல்வாய் வழியாகவே உள்ளே இறங்கும். இறங்கிய பிறகு அந்தச் சவ்வே அணைக்கட்டு. நாள் முழுக்க ஊறிய பாதத்தோடு நடக்க வேண்டியதுதான். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஈரத்திலேயே நின்று ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பாதம் அழுகியது. அவர்களுக்கு உத்தரவான வைத்தியம் காலுறையை மாற்று, பாதத்தைத் துடை, எண்ணெய் தடவு என்பதுதான்.

நீலகிரியும் வால்பாறையும் போல ஓயாமல் சொட்டுகிற காடு இல்லை இது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, ஒரு மழையில் ஓடைகளெல்லாம் பெருகி, மறுநாளே வெயில் காயும். ஆகவே அவருடைய தீர்மானம்: சவ்வு வேண்டாம், உள்ளே கனமான பஞ்சு மெத்தை வேண்டாம். நனைந்தால் சீக்கிரம் உலர்கிற, ஒற்றைத் தோல் பூட்ஸ். நாக்கு இரண்டு பக்கமும் மேல்தோலோடு சேர்த்துத் தைத்ததாக இருக்க வேண்டும். சேறும் பூச்சியும் அந்த வழியாக நுழையாது.

நவம்பர் 2

வாங்கியாயிற்று. எட்டு அங்குலம், மேலடுக்குத் தோல், ரப்பர் சோல்.

விலையின் பெரும்பகுதி போனது சோலை இணைத்திருக்கும் விதத்துக்கு. பசையில் ஒட்டியது தண்ணீரில் ஊறினால் விட்டுவிடக்கூடும். அச்சில் நேரடியாக வார்த்தது எளிதில் விடாது, ஆனால் தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். மூன்றாவது, ஓரமாக ஒரு தோல் பட்டை வைத்து, அதோடு மேல்பகுதியையும் சோலையும் தனித்தனியாகத் தைப்பது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன் 1870-களில் இதை இயந்திர வேலையாக்கினார். சோல் தேய்ந்தால் பிரித்து வேறு தைக்கலாம். அவர் தேர்ந்தது இதை.

சோலின் அடியில் ஆழமான பற்கள், நடுவே தாராளமான இடைவெளி. இந்த வடிவத்துக்கும் ஒரு சாவுக் கதை உண்டு. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் விட்டாலே பிரமானியோடு மலையேறியவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். காலில் இருந்தவை அந்தக் குளிருக்குத் தகாத காலணிகள். இரண்டு வருடம் கழித்து பிரமானி பற்கள் வைத்த ரப்பர் சோலை உருவாக்கினார், விப்ரம் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்தது. பற்கள் நெருக்கமாக இருந்தால் செம்மண் சேறு அப்பிக்கொண்டு சோல் மொழுக்கையாகிவிடும்.

சாயங்காலம்தான் போட்டுப் பார்க்கச் சொன்னார், நடந்து வீங்கிய காலோடு, கனத்த காலுறையோடு. மைத்துனன் ஒரு வாரம் ஊருக்குள்ளேயே போட்டுத் திரிந்தான். கிர்ரென்று சத்தம் வருகிறது என்று புகார். பழகினால் குறையும்.

நவம்பர் 23

பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கிவிட்டன. ராகி விளையும் நேரத்தில் தளி, ஜவளகிரி, சானமாவு என்று வருடாவருடம் வருகிறவை. காவலர்களுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

போனில் அவன் சொன்ன சேதி: முகாமில் ஒருவர் நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைத்துவிட்டார், விடிந்தபோது மரக்கட்டையாக இருந்தது. கொதிநீரைத் தாங்கிய தோலாயிற்றே என்று அவன் கேட்டான். ஆலையில் கொதித்தது ஈரத்தோடு சில நிமிடம். அடுப்போரம் என்பது இரவெல்லாம். தோலுக்குள் ஏற்றிய எண்ணெயும் ஈரப்பசையும் போய்விட்டால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நியூஸ் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டத்தில் வைத்து, பேப்பரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. உலர்ந்த பின் தேன்மெழுகு கொஞ்சம். தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவினால் தோல் தொளதொளத்துப் போகும்.

டிசம்பர் 14, ஓசூர் பஸ் நிலையம்

வலது பூட்ஸின் முனையில் தையல் விட்டிருக்கிறது. கல்லில் உரசியது. பஸ் நிலையத்துக்கு வெளியே உட்காரும் தைக்கிறவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “சோல் கெட்டியா இருக்குங்கண்ணா. நூல்தான்.” மெழுகு தேய்த்த நைலான் நூலில் குத்தூசியால் இறுக்கித் தைத்தார். பருத்தி நூல் வியர்வை உப்பில் மக்கிவிடும் என்று அவரே சொன்னார்.

தைத்துக்கொண்டிருக்கும்போது மைத்துனன் இன்னொரு கோரிக்கை வைத்தான். அவர்கள் சரகத்தில் ஒரு பெண் வனக்காப்பாளர். ஆண்கள் அளவு பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போட்டு, முன்னால் பஞ்சு அடைத்து நடக்கிறார். பாத நீளம் 23 சென்டிமீட்டர்.

பாகலூர் சாலைக் கடையில் கேட்டார்கள். அந்த அளவில் கைவசம் இல்லை, ஆலையில் சொல்லிச் செய்ய வேண்டும், ஒரு டஜனுக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள்.

“சரணாலயம் பூரா எத்தனை பேரு இருப்பாங்க?”

“தெரியல மாமா.”

“ஒவ்வொரு சரகமாப் போன் போட்டுக் கேளு. பேப்பர்ல கால வெச்சு கோடு போட்டு அனுப்பச் சொல்லு, ரெண்டு காலையும்.”