வேலின் அகலம்

நல்லூர்க் கந்தன் கருவறையில் மூலவராக விளங்குவது வேல். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வேலே வழிபடப்படுகின்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுத்தறியுமுன்பே இவ்வடிவத்தை அறிந்துவிடுகின்றது.

சென்ற ஆண்டு தரம் பத்து வகுப்பிலே இவ்வடிவத்தின் பொருளை விளக்க நேர்ந்தது. பல்கலைக்கழகத்திற் கற்றதை நாமும் ஒழுங்காகவே ஒப்புவித்தோம். வேலின் இலை அகன்றது, காம்பு நீண்டது, நுனி கூரியது. அறிவும் அவ்வாறே அகன்றும் ஆழ்ந்தும் கூர்மையுற்றும் இருத்தல் வேண்டும். ஆதலால் வேல் ஞானசக்தி, வள்ளி இச்சாசக்தி, தெய்வயானை கிரியாசக்தி. இரு கூறாகிய சூரபன்மன் மயிலும் சேவலுமானான். பகைவனையும் ஊர்தியாகவும் கொடியாகவும் ஏற்றுக்கொண்டான் முருகன். இவ்வளவும் கூறி, ஞானம் யாவர்க்கும் பொது என முடித்தோம்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், எல்லாருக்கும் பொது எண்டால், எங்கடை அப்பப்பாவைக் கோயில் வாசலிலை ஏன் மறிச்சவை?"

எந்தக் கோயில் என்று அவன் கூறவில்லை. நாமும் கேட்கவில்லை. மணி அடித்தது, அதனையே சாட்டாகக் கொண்டு வெளியேறினோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

சாதியின் பெயரால் ஒருவரை வழிபாட்டிடங்களிலிருந்து தடுத்தல் குற்றமென 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டம் பிறந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அவர்களை மறித்து நின்றோரின் முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கியவர். அவரது அறிவின் ஆழத்தையும் கூர்மையையும் ஐயுறுவார் எவருமில்லை. வேலின் மூன்றாம் இலக்கணமாகிய அகலம் எங்கே போயிற்று?

எமது வாழ்வைக் 'கந்தபுராணக் கலாசாரம்' என்றார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. கோயில்தோறும் அப்புராணத்தைப் படித்துப் பயன் சொல்லி வந்தவர்கள் நாம். வேடர் குடியில் வளர்ந்து தினைப்புனம் காத்த பெண்ணைத் தேடிக் கடவுளே நடந்து சென்ற கதையை உருகிக் கேட்டிருக்கின்றோம். அக்கடவுளைத் தேடி நடந்து வந்தவர்களை மட்டும் வெளி வீதியில் நிறுத்தினோம். புராணம் விளங்காமையால் அவ்வாறு செய்தோம் அல்லோம். நிலமும் கிணறும் எவர் கையில் இருந்தனவோ, கோயிலின் திறப்பும் அவர் கையிலேயே இருந்தது. உட்சென்று சமமாக நிற்பவன், நாளை கிணற்றடியிலும் கூலிக் கணக்கிலும் சமமாக நிற்பான் என்ற அச்சமே வாசலை அடைத்தது.

இவை பழங்கதை என்று கூறித் தப்ப முடியாது. 2018இல் வரணியிலுள்ள கோயிலொன்றில் மண்வாரி இயந்திரம் தேரிழுத்தது. ஒடுக்கப்பட்டோர் வடம் தொடலாகாது என்பதே காரணமெனச் செய்திகள் வெளியாயின. இரும்புக்குச் சாதியில்லை என்று அன்றுதான் சிலர் கண்டுபிடித்தனர் போலும்! வடத்தைப் பிடிக்க இயந்திரத்துக்குக் கிடைத்த உரிமை மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் அதே வகுப்புக்குச் சென்றோம். கரும்பலகையில் மீண்டும் வேலை வரைந்து, பக்கத்தில் 1968 என்று எழுதினோம். மாவிட்டபுரத்தின் கதையை முழுவதும் சொன்னோம். சில பிள்ளைகள் தலை குனிந்தனர். எவருடைய அப்பப்பா வாசலின் எப்பக்கம் நின்றாரோ, நாம் அறியோம். எமது பாட்டனாரும் மறிக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கவில்லை என்பதையும் அங்கு மறைக்காது கூறினோம். கேள்வி கேட்ட மாணவன் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்ததும் கரும்பலகையை அழிக்க வந்தவன், வேலை அழித்தான்; ஆண்டை அழிக்காது விட்டுச் சென்றான்.

ஆசிரிய நண்பர்களே, வேலின் தத்துவத்தைப் பரீட்சைக்காகக் கற்பிக்கின்றோம். அதே பாடவேளையில் வாசலின் வரலாற்றையும் கற்பிப்போம். அகலமில்லாத வேல் வெறும் ஊசியே. அது குத்துவதற்கு மட்டுமே உதவும்.