பௌதிகம் தொழிலானபோது

பௌதிகத்தில் ஆய்வு செய்தவர் கல்லூரி ஆசிரியராதல் வேண்டும். அன்றேல் கற்ற கல்வி வீண் என்று கருதுவோர் நம் சமூகத்தில் இன்றும் உளர். திரவக் கலவைகளில் மீயொலியின் வேகத்தை அளந்து ஆய்வேடு எழுதி முடித்த நாம், சிவகாசிப் பகுதியில் ஒரு சோதனைக்கூடத்திற்குப் பொறியாளராகச் சென்றபோது, "இவ்வளவு படித்தும் வெடி அளக்கவா?" என்றே உற்றார் பலரும் வினவினர்.

துறை மாறுதல் இழிவன்று. இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பௌதிகப் பட்டம் பெற்ற பின்னரே சென்னை எம்.ஐ.டி.யில் வான்கலப் பொறியியல் பயின்றார். அங்குச் சேர்வதற்கான பணத்துக்காகத் தமக்கையார் சொஹரா தம் தங்க நகைகளை அடகு வைத்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழும்பியபோது, அதன் பாகங்களைப் பொருத்தும் பணியும் பாதுகாப்பும் அவர் பொறுப்பிலேயே இருந்தன.

எனினும் மாற்றம் எளிதன்று. எண்ணைப் பார்க்கும் பார்வையே மாறவேண்டும். ஆய்வு மாணவருக்கு வரைகோட்டை விட்டு விலகிய புள்ளி ஒரு விருந்து. புதிய உண்மை ஏதும் அதில் ஒளிந்திருக்குமோ என்று இரவெல்லாம் விழித்திருப்போம். சோதனைக்கூடத்திலோ அத்தகைய புள்ளி தோன்றினால் பணியை நிறுத்தியாக வேண்டும். ஒலிவாங்கி செம்மையாக இருக்கிறதா, தொலைவு சரிதானா, காற்று குறுக்கிட்டதா என ஒவ்வொன்றாகத் தேர்ந்த பின்னரே வெடியின்மேல் குற்றம் காணலாம்.

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஓசை 125 டெசிபெலைத் தாண்டலாகாது என்பது 1999-இல் வந்த விதி. சரவெடியாயின், கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்குரிய மடக்கையை ஐந்தால் பெருக்கி அவ்வரம்பிலிருந்து கழிக்கவேண்டும்; நூறு வெடிச் சரத்தில் ஒவ்வொன்றுக்கும் 115 டெசிபெலே இடம். 2018-இல் உச்சநீதிமன்றம் சரவெடியையே தடுத்துவிட்டது. ஆயினும் வகுப்பில் தேர்வுக்காகக் கற்ற மடக்கை சட்டமாக எதிர்நின்ற வியப்பு நமக்கு இன்னும் நீங்கவில்லை.

ஓசையேனும் காதோடு போகும். மருந்துக் கலவை அப்படியன்று. குளோரேட்டும் கந்தகமும் கூடினால் சிறு உராய்விலும் தீப்பற்றும். ஆதலின் 1992-இல் பட்டாசில் அக்கலவையை அரசு தடைசெய்தது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் புகுந்தால் அது தானே சூடேறி எரியவும் கூடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. கந்தகப் பொடி படிந்த விரல்களோடு கலவை அறைக்குள் நுழையும் தொழிலாளி நம் பட்டத்தை அறியார். நாம் குறித்த எண்ணை நம்பியே அவர் உள்ளே செல்கிறார்.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் "மேலும் ஆராய்தல் வேண்டும்" என்றெழுதி நிறைவு செய்யலாம். சோதனைச் சான்றில் அதற்கு இடமில்லை. கையெழுத்திடவேண்டும், அல்லது மறுக்கவேண்டும். அவ்வாறு மறுக்கும் துணிவுக்கு அடிப்படை, எதையும் எளிதில் நம்பாதே என்று ஆய்வுக்காலம் பழக்கிய ஐயமே. இளைஞர்காள், அந்த ஐயத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். கற்ற பௌதிகம் ஒருநாளும் வீணாகாது.