இரண்டரை நூல்

13-ஆம் நம்பர் ஸ்பானர் நட்டில் ஏறவில்லை. 14 போட்டால் லொடலொடவென்று ஆடியது. ஆடினாலும் பிடித்துவிடும் என்று நம்பி ஓர் அழுத்து அழுத்தினேன். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. நட்டின் ஆறு முனைகளில் இரண்டு மழுங்கிவிட்டன. சித்தப்பா கொடுத்த 1976 மாடல் புல்லட் 350-இன் வேலைகளை இனி வீட்டிலேயே நானே பார்ப்பது என்று முடிவெடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது.

வண்டியின் குறை பெரியதல்ல. புல்லட் என்றால் அதிரத்தான் செய்யும். 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட ஒற்றை பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதிராமல் என்ன செய்யும்? ஆனால் இது பல் கூசும் அதிர்வு. என்ஜினைப் பிரேமோடு பிணைக்கும் பிளேட்டைத் தொட்டுப் பார்த்தபோது காரணம் கைக்கே தெரிந்தது. ஒரு நட்டு துருவேறி, இறுகவும் மாட்டாமல் கழலவும் மாட்டாமல் நின்றிருந்தது.

பாலக்கரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“பாய், 13-க்கும் 14-க்கும் நடுவிலே ஒரு சைஸ் இருக்கா?”

“அது இஞ்ச் நட்டு தம்பி. எம்எம் ஸ்பானர் போட்டா இப்படித்தான் மொட்டையாகும்” என்றவர், பிடிகுறடு போட்டு அதைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே மரை பாதி தேய்ந்திருந்தது. “ஸ்டட்டையே எடுத்துட்டு 8 எம்எம் போல்ட் போட்டுறலாம். காலத்துக்கும் தொல்லை இல்லை.”

அவர் சொன்னது சரியான யோசனைதான். நாளைக்கு எட்டு வண்டி பார்த்தாக வேண்டியவர் அப்படித்தான் சொல்வார். எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் 8 மி.மீ. இல்லாமல் வேறு எதையோ வைத்தவர்கள் எதற்காக வைத்தார்கள் என்று தெரியாமல் அதை எடுத்தெறியக் கை வரவில்லை.

இஞ்ச் ஸ்பானர் செட் ஒன்று வாங்கினேன். அரை இஞ்ச் ஏறவில்லை. அடுத்தது, 9/16, ஆடியது. வெர்னியர் வைத்து நட்டின் மழுங்காத பக்கங்களை அளந்தேன். 13.3 மி.மீ. அங்குலத்தில் சொன்னால் 0.525. அரை தெரியும், அரைக்கால் தெரியும், மாகாணி கூடத் தெரியும். 0.525 எந்தக் கணக்கில் சேரும்?

எங்கள் தெருவில் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1928-இல். அந்தப் பணிமனைச் சங்கு ஊதுவதைக் கேட்டு சோறு வடித்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. தாத்தா நட்டைக் கையில் வாங்கி உருட்டினார். உள்ளே போய்க் கித்தான் சுருள் ஒன்றை எடுத்துவந்து விரித்தார். அதிலிருந்து ஒரு ஸ்பானரை உருவி, மழுங்காத முனைகளில் மாட்டினார். கவ்வியது. கொஞ்சமும் ஆட்டமில்லை.

ஸ்பானரில் ‘1/4 டபிள்யூ’ என்றும் ‘5/16 பிஎஸ்’ என்றும் பொறித்திருந்தது. எனக்குக் குழப்பம் கூடியது. கால் அங்குலம் என்று எழுதியிருக்கும் ஸ்பானரின் வாய் அரை அங்குலத்துக்கும் மேலே இருக்கிறதே?

“அதிலே எழுதியிருக்கிறது வாயோட அளவு இல்லப்பா, உள்ளே போற போல்ட்டோட தடிமன். கால் இஞ்ச் விட்வொர்த் போல்ட்டுக்குத் தலை பெருசு. நெருக்க மரை போட்ட பிஎஸ் போல்ட்டுக்குத் தலை ஒரு படி சின்னது. அதனாலே ஒரே வாய் ரெண்டுக்கும் வரும்” என்றார்.

விட்வொர்த் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். ஜோசப் விட்வொர்த், 1803-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கற்று, 1833-இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார். அன்றைக்கு ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு பட்டறையில் செய்த போல்ட்டுக்கு அடுத்த பட்டறையின் நட்டு ஏறாது. இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு உரியது என்று அடையாளம் போட்டு வைக்கவேண்டும். விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளை வரவழைத்து அளந்தார். தன் பட்டறை மரைதான் சிறந்தது, எல்லாரும் அதற்கு மாறுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எல்லாருடையதையும் கூட்டிச் சராசரி எடுத்தார். மரைப் பள்ளத்தின் கோணம் 55 பாகை. கால் அங்குலத் திருகாணிக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12. இதை 1841-இல் அறிவித்தார். ரயில் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. ரயிலோடு அது கடல் கடந்து இங்கேயும் வந்து, பொன்மலைத் தாத்தாவின் கித்தான் சுருளுக்குள் உட்கார்ந்தது. யாரும் முழுசாக இழக்காத ஒரு நடு அளவை அவர் தேடிப் பிடித்ததுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

ஸ்பானர் கிடைத்துவிட்டது, நட்டு கிடைக்கவேண்டுமே. ஸ்டட்டின் தடிமன் 5/16 அங்குலம். இரும்புக்கடையில் போய் இப்படிக் கேட்டால் ஆகாது. “ரெண்டரை நூல் நட்டு” என்று கேட்கவேண்டும். கம்பி கட்டுகிறவர்கள், தச்சர்கள், ஹார்டுவேர்க் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரு அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். மூன்று நூல் கம்பி என்றால் 3/8 அங்குலம். அந்தக் கணக்கில் 5/16 இரண்டரை நூல். கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் இரண்டாவது சுற்றில் இறுகி நின்றுவிட்டது. தடிமன் ஒன்றுதான், மரை வேறு.

மறுபடியும் தாத்தா. இந்தமுறை மரை கேஜைக் கொண்டுவந்தார். பேனாக்கத்திபோல மடங்கும் தகடுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கணக்கில் பல். அவற்றை ஸ்டட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். 18 சேரவில்லை. அது விட்வொர்த், கடைக்காரர் கொடுத்தது. 22 சேரவில்லை. அது 1908-இல் வந்த நெருக்க மரை. 26 உட்கார்ந்தது. ஆனாலும் தாத்தாவுக்குத் திருப்தியில்லை.

“பல்லு எண்ணிக்கை ஒத்துவருது. அடியிலே ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியுது பாரு. கோணம் நம்மளுது இல்லை. ரெண்டரை நூலுக்கு 26 மரை ரயில்லே நான் பார்த்ததே இல்லப்பா.”

அந்த மயிரிழை வெளிச்சம் வழியாகத்தான் மிச்சக் கதைக்குள் போனேன்.

ராயல் என்ஃபீல்டின் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் ரெடிட்ச் என்ற ஊர் வருகிறது. ஊசி செய்து பேரெடுத்த ஊர். அதை ஒட்டிய ஹண்ட் எண்டில் ஜார்ஜ் டவுன்செண்ட் நடத்திய ஊசிப் பட்டறைதான் பிறகு சைக்கிள் பக்கம் திரும்பியது. 1890-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் அதை எடுத்து நடத்தினார்கள். என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் வேலை கிடைத்தது. அந்த உறவில் 1893-இல் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல்தான். அதாவது அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த குழாய், கருவி, மரை எல்லாம் சைக்கிளுடையவை.

அடுத்த ஆண்டே, 1902-இல், சைக்கிள் பொறியாளர் கழகம் தனக்கென்று ஒரு மரை அளவை வகுத்தது. கோணம் 60 பாகை. சிறிய அளவுகள் பலவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை: அங்குலத்துக்கு 26. சைக்கிள் உறுப்புகள் மெல்லியவை. அகல மரை ஆழமாக வெட்டும், நெருக்க மரை மேலாக வெட்டுவதால் உள்ளே உலோகம் மிஞ்சும். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது நெருக்க மரை அவ்வளவு எளிதில் தளராது. அதேசமயம் அலுமினிய வார்ப்புக்குள் நெருக்க மரை போட்டால் பொடிந்து கையோடு வந்துவிடும். அங்கே அகல மரைதான் நிற்கும். பழைய பிரிட்டிஷ் என்ஜின்களில் ஒரே ஸ்டட்டின் ஒரு முனையில் அகல மரையும் மறுமுனையில் நெருக்க மரையும் இருப்பது இதனால்தான். முதல்முறை பார்க்கும்போது யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரியும்.

சென்னைக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா. 1956-இல் திருவொற்றியூரில் புல்லட் வரத் தொடங்கியது; அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள். பிறகு ரெடிட்சிலிருந்து அச்சுகளும் கருவிகளும் வந்தன. அவற்றோடு அங்குலமும் 26 மரையும் வந்தன. அதே 1956 டிசம்பரில்தான் நாட்டுக்கு மெட்ரிக் அளவுச் சட்டமும் வந்தது. அங்குலத்தை நாடு கைவிடத் தீர்மானித்த ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை அங்குலத்தில் வேலையைத் தொடங்கியிருக்கிறது. பழைய புல்லட்டில் இரண்டு வகை ஸ்பானரும் தேவைப்படுவது இந்தப் பிறப்பில் வந்தது. அதை யாருடைய கவனக்குறைவாகவும் நான் நினைக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தபிறகு நான் போனது மோட்டார் உதிரிபாகக் கடைக்கு இல்லை. முனையிலிருக்கும் சைக்கிள் கடைக்கு. “அண்ணே, பழைய கறுப்பு சைக்கிளோட முன்சக்கர நட்டு ஒண்ணு குடுங்க.” முன்சக்கர அச்சு இரண்டரை நூல், 26 மரை. வீட்டு வாசலில் உட்கார்ந்து, புல்லட் ஸ்டட்டில் அந்த நட்டை வைத்து ஒரு விரலால் தள்ளிவிட்டேன். அடிவரை தானாகச் சுற்றிக்கொண்டே போயிற்று. அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த மாதம் முழுவதையும் செலவழித்திருந்தேன் என்று தோன்றியது.

சைக்கிள் நட்டு என்ஜினைத் தாங்கும் கனமில்லை. உடைந்த முன் அச்சுத் துண்டு ஒன்றை அண்ணனிடம் கேட்டு வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு பழைய கடையில் தகர டப்பா நிறைய நட்டுகள். அச்சுத் துண்டில் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அவரே சேர்ந்து திருகத் தொடங்கிவிட்டார். கனமான பழைய நட்டு இரண்டு கிடைத்தன.

பிளேட் இறுகியதும் பல் கூச்சம் போயிற்று. அதன் பிறகுதான் டியூனிங்கைக் கற்றுக்கொள்வதில் பொருள் இருந்தது. பாயிண்ட் இடைவெளியை 0.35-க்கும் 0.40 மி.மீ.க்கும் இடையில் வைத்தேன். டைமிங் வைக்க பாய் கற்றுக்கொடுத்தது இது: பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே நிற்கவேண்டும். சாவி போட்டிருக்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை ஆம்பியர் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் நொடியில் முள் துள்ளி நடுவுக்கு வரும். அங்கே இறுக்கு. டேப்பெட்டுக்கு, என்ஜின் ஆறியபிறகு, தள்ளுகம்பி விரலில் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்து, முள்ளை நடுவில் நிறுத்தி, விட்டு உதைத்தால் இரண்டாவது உதையில் எழுந்துகொள்கிறது.

ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தாத்தாவிடம் அந்த அச்சுத் துண்டையும் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதில் நட்டைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

“இது ஒண்ணு நம்மகிட்டே இல்லாம போச்சேப்பா” என்றார்.

அதைக் கித்தான் சுருளில், 1/4 டபிள்யூவுக்குப் பக்கத்து அறையில் அவரே செருகிக்கொண்டார். நான் இன்னொரு உடைந்த அச்சு இருக்கிறதா என்று கேட்கச் சைக்கிள் கடைக்குப் போனேன்.