கொடைக்கானல் காளானும் ஒரு பழைய கேசட்டும்

கொடைக்கானல்காரன்னு சொன்னதும் ஜனங்க கேக்கற கேள்வி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, குணா குகை. (2024ல ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்ததுக்கு அப்புறம் இந்தத் தொல்லை இரட்டிப்பு.) இன்னொண்ணு, குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சிமிட்டி... காளான். ஐயா சாமிகளா, இந்தப் பதிவும் காளான் பத்தினதுதான். ஆனா நீங்க நினைக்கிற காளான் இல்ல. கேசட்டுக்குள்ள வெள்ளையா மாவு மாதிரி பூக்குமே, அந்தப் பூஞ்சைக்காளான் :-)

எங்க ஊரு கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நடுவுல மூடுபனி. செருப்பு, பெல்ட்டு, கல்யாண ஆல்பம் எதையும் விட்டு வைக்காது. அப்படித்தான் எங்க மாமாவோட கேசட்டுப் பெட்டியும் மாட்டிக்கிச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். மாமா ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ற கடை வச்சிருந்தார். 1991ன்னு ஞாபகம், நான் ஒன்பதாவது. மலை ஏறி வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஒரு வாக்மேனைக் கொண்டு வந்தார். பெல்ட் போயிருந்தது. மாமா மாத்திக் கொடுத்துட்டு காசு கொஞ்சமா வாங்கினார். அந்த மனுஷன் சந்தோஷத்துல ஒரு கேசட்டைக் கொடுத்துட்டுப் போயிட்டார். அட்டையில படம் கிடையாது. கையெழுத்துல ‘கிரேட்ஃபுல் டெட்’, அதுக்குக் கீழ ஒரு காலேஜ் பேரு, 5/8/77ன்னு ஒரு தேதி, பாட்டு வரிசை. அவ்வளவுதான்.

மாமா போட்டுக் கேட்டார். ரெண்டு நிமிஷத்துல, “மாப்ள, இது ரெக்கார்டு இல்லடா. கச்சேரி!”ன்னார். ஜனங்க சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சுட்டார். ஒரு வார்த்தை புரியல எனக்கு. மாமாவுக்கும்தான். ஆனா ஒரு பாட்டுலருந்து நிறுத்தாம இன்னொரு பாட்டுக்குள்ள நழுவிப் போற இடத்துல தலையாட்டினார் பாருங்க, சபாவுல முன்வரிசையில உக்காந்த மாதிரி.

அது யாருன்னு எனக்கு விவரம் தெரிஞ்சது ரொம்ப வருஷம் கழிச்சு, இன்டர்நெட் வந்தப்புறம்தான். கிரேட்ஃபுல் டெட், 1965ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஆரம்பிச்ச சைக்கடெலிக் ராக் கோஷ்டி. 1995ல ஜெர்ரி கார்சியா இறந்து போற வரைக்கும் 2,300க்கும் மேல கச்சேரி. ஒரு நாள் வாசிச்ச மாதிரி மறுநாள் வாசிக்க மாட்டாங்க. ‘டார்க் ஸ்டார்’ன்னு ஒரு பாட்டு. 1968ல இசைத்தட்டா வந்தப்ப மூணு நிமிஷம் கூட இல்ல. மேடையில 20 நிமிஷத்தையும் தாண்டும். நமக்கு இது புதுசா என்ன? பல்லவி வரி ஒண்ணுதான், விஸ்தாரம் அன்னன்னிக்கு மனசு போற போக்குல.

அதனாலதான் ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. முதல்ல மைக்கை ஒளிச்சு எடுத்துட்டுப் போய், அப்புறம் பகிரங்கமா. 1984ல கோஷ்டியே அரங்கத்துல பதிவு பண்றவங்களுக்குன்னு தனி இடம் ஒதுக்கிடுச்சு. நிபந்தனை ஒண்ணே ஒண்ணு, காசுக்கு விக்கக்கூடாது. கேசட்டுக்குக் கேசட்டு மாத்திக்கலாம். மாத்திக்கக் கையில ஒண்ணும் இல்லாத புது ஆளா? காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினா போதும், யாராவது பதிஞ்சு அனுப்புவாங்க. காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும் இல்லையா, அதனால இது எத்தனாவது காப்பின்னு கூட அட்டையில எழுதி வைப்பாங்க.

மாமா ஆகஸ்ட் 5ன்னு படிச்ச அந்தத் தேதி, அமெரிக்க வழக்கப்படி 1977 மே 8. கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி. ரசிகர்கள் கையில அதிகமா சுத்தின கேசட்டுகள்ல ஒண்ணு. பதிவு பண்ணினது கோஷ்டியோட ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர். அவங்களுக்குப் பணக்கஷ்டம் வந்து, 1986ல அவங்க வச்சிருந்த ஸ்பூல் நாடாக்கள் ஏலத்துக்குப் போயிடுச்சு. வாங்கினவங்க வீடுகள்ல கிடந்ததுல சிலது ஈரத்துல பூசணம் பிடிச்சுக் கெட்டுப்போச்சு (கொடைக்கானல் மட்டும் தனி இல்லன்னு ஒரு அல்ப சந்தோஷம்). ரசிகர்கள் உக்காந்து சுத்தம் பண்ணி மீட்டாங்க. அந்தக் கார்னெல் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011க்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல்ல சேர்த்தது. அதிகாரபூர்வமா தட்டா வந்தது 2017ல. நாப்பது வருஷம் அதைக் காப்பாத்தினது கம்பெனி இல்லீங்க, கேட்டவங்க.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

எங்க மலையடிவாரத்துல பழனி. மிருதங்கத்துல அந்த ஊர்ப் பேரையே முன்னால சுமந்தவர் பழனி சுப்ரமணிய பிள்ளை (1908-1962). இடது கைக்காரர். வலந்தலையில அவர் இடது கை விழற அந்த நாதத்தை நான் எதுல கேட்டேன்? பழைய கச்சேரிப் பதிவுகள்லதான். மதுரை மணி ஐயரும் அப்படியே. இன்னிக்கு நாம உருகி உருகிக் கேக்கற மணி ஐயர்ல பெரும்பகுதி, யாரோ ஒரு புண்ணியவான் கச்சேரியில பதிஞ்சு வச்சதுதான். இப்பவும் சங்கீதப்ரியா மாதிரி இடங்கள்ல, கடையில விக்காத கச்சேரிகளை மட்டும் ரசிகர்கள் சும்மா பகிர்ந்துக்கறாங்க. அங்க இருந்த அதே தர்மம்தான்.

இன்னொரு ஒற்றுமை. நம்ம சபாவுல தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்புவாங்க இல்லையா? டெட் கச்சேரியிலயும் ரெண்டாவது பாதியில டிரம்ஸ் மட்டும் வர்றப்ப ஒரு கூட்டம் எழுந்து போகுமாம். ஊருக்கு ஊரு வாசப்படி :-) அந்த டிரம்ஸ் வாசிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் மிக்கி ஹார்ட். அவரோட 1991 ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துல நம்ம விக்கு விநாயக்ராம் கடம், கூடவே ஜாகிர் உசேன். மறு வருஷம் அதுக்கு கிராமி கிடைச்சது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

மாமா வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு இறங்குவார். தோள்ல டேப் ரெக்கார்டர், பையில பேட்டரி. ராத்திரி சாமி புறப்பாட்டுல நாகஸ்வரக்காரங்களுக்குப் பக்கத்துலயே நடந்து பதிவு பண்ணுவார். பெரிய பேர் உள்ள வித்வான்கள் இல்ல. ரேடியோவுல வராதவங்க, இசைத்தட்டு போடாதவங்க. போன வருஷம் பெட்டியைத் திறந்தப்ப 43 கேசட்டு இருந்தது. மாமா காலமாகிப் பல வருஷம் ஆச்சு.

பூசணம் பிடிச்ச கேசட்டை அப்படியே போட்டா ஹெட்டும் கெட்டு அடுத்த கேசட்டும் கெடும். திருகாணி கழட்டி, நாடாவை வேற கூட்டுக்கு மாத்தி, துணியால மெதுவா ஒத்தி ஒத்திச் சுத்தி, அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஒரு கேசட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை. இதுவரைக்கும் தேறினது 11.

அதுல ஒண்ணுல தோடி. முக்கால் மணி நேரம். நடுவுல ஒரு வண்டி ஹாரன், ஒரு குழந்தை அழுகை, “தள்ளு தள்ளு”ன்னு ஒரு குரல். இதெல்லாத்துக்கும் மேல அந்த நாகஸ்வரம் ஏறி நிக்குது பாருங்க... கரெக்டா உச்சத்துல ஏ பக்கம் முடிஞ்சுடுது. பி பக்கத்துல தவில். அட்டையில மாமா எழுதினது இவ்வளவுதான்: ‘பங்குனி 83, ரெண்டாம் நாள் ராத்திரி, தோடி, அபாரம்.’

வாசிச்சவர் பேரு இல்ல.

மாமாவுக்கு எழுதத் தேவைப்பட்டிருக்காது. அவருக்குத்தான் தெரியுமே. அமெரிக்காவுல ஒரு காலேஜ் ஜிம்ல நடந்த கச்சேரிக்குத் தேதி, இடம், பாட்டு வரிசை, யார் பதிஞ்சது வரைக்கும் தெரியுது. 65 கிலோமீட்டர் கீழ, நம்ம பழனித் தெருவுல இப்படி ஒரு தோடி வாசிச்ச மனுஷனுக்குப் பேரு தெரியல. பழனியில வயசான தவில்காரங்க மூணு பேர்கிட்ட போட்டுக் காட்டிட்டேன். ஒருத்தர் கண்ணை மூடிக் கடைசி வரைக்கும் கேட்டார். “பக்கத்துல நின்னு கேட்ட மாதிரிதான் இருக்கு தம்பி, பேருதான் வரமாட்டேங்குது”ன்னார்.

மக்களே, உங்க வீட்டுப் பரண்லயும் கேசட்டு இருக்கும். தாத்தா பேசினது, கல்யாணத்துல யாரோ பாடினது, கோயில் கச்சேரி. கம்ப்யூட்டர்ல ஏத்தறது அப்புறம் இருக்கட்டும். விவரம் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே உக்காத்தி வச்சு, இது யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்னு கேட்டு அட்டையில எழுதிடுங்க. பேனா போதும்.

1983 பங்குனியில பழனியில வாசிச்சவங்களை யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க. தோடியை அனுப்பி வைக்கறேன். காசெல்லாம் வேணாம், தபால் செலவு கூட வேணாம் :-)

பி.கு: மீதி 32 கேசட்டு வேலை நடந்துட்டு இருக்கு. வெயில் அடிக்கற ஞாயித்துக்கிழமையா பாத்துத்தான் பெட்டியைத் திறக்கறேன். எங்க ஊர்ல அது எத்தனை வரும்னு உங்களுக்கே தெரியும்.