அளவு நோட்டு

மதுரைப் புதுமண்டபத்தில் அப்பாவுக்கு ஒரு தூணடி இருந்தது. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் என்று பாடப் புத்தகம் சொல்லும். எங்களுக்கு அது தையல் மிஷின் சத்தம் ஓயாத கூடம். தலைக்கு மேலே கல் யாளி, கீழே அப்பா, அவர் காலடியில் வெட்டுத்துணிக் குவியலில் நான்.

பங்குனி பிறந்தால் சித்திரைத் திருவிழா வேலை தொடங்கிவிடும். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு வெல்வெட் உடுப்பு. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் அளவு கொடுக்க வருவார். "வாப்பா, கையத் தூக்கு" என்பார் அப்பா. தைத்து முடித்து, மாட்டிப் பார்க்க வரும்போது அதே ஆளிடம், "சாமி, கொஞ்சம் நிமிந்து நில்லுங்க." இடையில் என்ன மாறியது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தீபாவளிக்குத் தீபாவளி என் அளவும் அவருடைய நோட்டில் ஏறும். 1974இல் உயரம் 20, மார்பு 26. அடுத்த வருஷம் வேறு எண்கள். அந்தச் சட்டை ஒன்றில்கூட இன்று என் கை நுழையாது. பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் வந்தது 'பெரியவன்' என்ற தலைப்பு மட்டும்தான். அதுவும் தம்பி பிறந்த பிறகு வந்ததுதான்.

தைத்த துணியைத் தெற்குக் கோபுரப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. போகிற வழியில் சொக்கப்ப நாயக்கன் தெரு, ரமண மந்திரம். பிறகு ரமணர் ஆன வெங்கடராமன் என்ற பையன், 16 வயதில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்த இடம். 1896 ஜூலையில் ஒரு நாள், காரணமே இல்லாமல் சாவுபயம் பிடித்துக்கொள்ள, மாடியறையில் பிணம்போல விறைத்துப் படுத்தான். இந்த உடம்பு செத்தால் நானும் செத்தேனா என்று உள்ளே தேடினான். ஆகஸ்ட் 29 அன்று திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். அண்ணனுக்குக் கட்ட வேண்டிய சம்பளப் பணம் 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். 'நான்' என்று தொடங்கும் அந்தக் கடிதம் சற்றுத் தள்ளி 'இது' என்று மாறிவிடும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

பின்னாளில் ரமணரின் 'நான் யார்?' படித்தேன். உடம்பு நானல்ல, புலன் நானல்ல, மனமும் நானல்ல என்று கழித்துக்கொண்டே போகிறது அது. அப்பாவின் நோட்டை அப்படி ஒவ்வொரு எண்ணாக அடித்துப் பார்த்தேன். கடைசியில் தலைப்பை அடிக்கத்தான் கை வரவில்லை.

போன வருஷம் போனேன். புதுமண்டபத்தில் கடைகள் இல்லை. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே ஒரு கடையில், மிஷின்மேல் குனிந்திருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சார் வேணும்?"

பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. வேலையைச் சொன்னேன்; தலையை மட்டும் ஆட்டினார். அப்பா உட்கார்ந்திருந்த தூணைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரு மவனா? பெரியவனா, சின்னவனா?"

"பெரியவன்" என்றேன். 59 வயதில், குரல் கொஞ்சம் பிசிறியது.