மூளையில் தண்ணியாம்!

பேரையூர்ப் பக்கம் மாசமாக இருக்கும் பெண்கள் அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு உசிலம்பட்டி, திருமங்கலம், மதுரை என்று போய்வருகிறார்கள். ரிப்போர்ட்டில் மூளையைப் பற்றி ஒரு வரி கூடுதலாக இருந்துவிட்டால் போதும். அவள் பஸ்ஸை விட்டு இறங்குமுன் சேதி தெருவுக்கு வந்துவிடுகிறது: "பிள்ளைக்கு மூளையில தண்ணியாம்!"

அந்த நீர் எல்லார் மூளையிலும் உண்டு. மூளைக்குள் இருக்கும் அறைகளில் ஊறி, சுற்றிவந்து, ரத்தத்தில் கலப்பது அது. கருவில் பக்கவாட்டு அறையின் அகலம் 10 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். 10 முதல் 12 வரை என்றால் லேசான விரிவு. 15ஐத் தாண்டினால்தான் கடுமை. லேசாக, வேறெந்தக் குறையும் சேராமல் இருந்தால், பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கு மேல் இயல்பாகவே வளர்கின்றன. நீர் ஊறும் இடத்தில் சின்ன நீர்க்கட்டி தெரிந்தாலும் அப்படித்தான். அது மட்டும் இருந்தால், பெரும்பாலும் ஏழாம் மாசத்துக்குள் தானே மறைந்துவிடும்.

அதற்காக ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். வேறு குறை இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். கருக்குழந்தை ஸ்கேனில் தேர்ந்த டாக்டர் இதயம், முதுகெலும்பு எல்லாவற்றையும் பார்ப்பார்; தாய்க்குத் தொற்று உண்டா என்று ரத்தம் எடுக்கச் சொல்வார்; தேவையானால் பனிக்குட நீரில் மரபணுச் சோதனையும்.

என் பயமெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களின் அவசரத்தைப் பற்றித்தான். "கிரகணத்துல வெளிய போனியா?" என்று மருமகளைக் குடைவார்கள், "கலைச்சுட்டு அடுத்ததப் பாப்போம்" என்பார்கள். பெண் சிசுக்கொலையால் 1986இல் உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் பத்திரிகையில் வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஸ்கேனில் ஆணா பெண்ணா பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டமே போட வேண்டியிருந்தது. பெற்றவளைக் கேட்காமல் பிள்ளையின் விதியைத் திண்ணையில் தீர்த்த பழக்கம், இப்போது மில்லிமீட்டர் கணக்கோடு திரும்பி வரக்கூடாது. கலைப்பதற்கு அவள் சம்மதம்தான் சட்டத்துக்கு வேண்டும். மாமியார் சம்மதம் அல்ல. கடுமையான குறை என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால், 2021 திருத்தப்படி 24 வாரத்துக்குப் பிறகும் வழி உண்டு. ஆகவே அவசரப்படாமல், டாக்டர் சொல்லும் மறு ஸ்கேன்வரை பொறுங்கள்.

அதற்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் கொண்டுபோங்கள். அளவு கூடியதா, குறைந்ததா, அப்படியே நிற்கிறதா என்று ஒப்பிட்டுத்தான் டாக்டர் மேற்கொண்டு சொல்வார். பிள்ளை பிறந்ததும், தடுப்பூசிக்குத் தூக்கிப்போகும்போதெல்லாம் தலைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள்.