ஒன்பது சிவப்புக் கோடுகள்

குகைச் சுவரில் தீட்டிய ஓவியம் தீட்டிய இடத்திலேயே இருக்கும். தனிக் கல்லிலும் பலகைக்கல்லிலும் காவிக்கட்டியிலும் ஆதிக்குடிகள் தீட்டியவையும் கீறியவையும் அப்படியல்ல. ஓரிடத்தில் செய்ததை வேறோரிடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஒருவர் தீட்டிய கல்லை இன்னொருவர் உடைத்துக் கருவியாக்கியிருக்கலாம். ஆகவே இந்தக் கையடக்கக் கல்லோவியங்களைத் தேடுவோர் படத்தைப் பார்ப்பதற்கு முன் அது கிடந்த மண்ணைப் பார்க்கிறார்கள்.

இந்த வேலையின் நுட்பம் முழுவதும் தெரியும் இடம் தென்னாப்பிரிக்காவின் பிளோம்போஸ் குகை. கேப் டவுனுக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்த சரிவில் இருக்கும் சிறிய குகை அது. தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் 1990களின் தொடக்கத்தில் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் காற்று அடித்துவந்த மணல், கீழிருந்த வாழ்விட அடுக்குகளை மூடிவிட்டது. பின்னால் வந்தவர்களின் காலடியும் கைவேலையும் பழைய அடுக்குகளில் கலக்காமல் காத்தது இந்த மணல்தான்.

தோண்டுவோர் தரையைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, கரணையாலும் தூரிகையாலும் மண்ணைச் சுரண்டி எடுக்கிறார்கள். முக்கியமான ஒவ்வொரு பொருளும் எந்தச் சதுரம், எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று அளந்து பதிவாகிறது. பிறகு மண் முழுவதும் சலிக்கப்படுகிறது. சல்லடையில் தங்கும் சிப்பி, எலும்பு, கல்சில்லு எல்லாமே பையில் போட்டு அடையாளச் சீட்டுடன் ஆய்வகத்துக்குப் போகின்றன. இவற்றில் பெரும்பாலானவை யாரும் வியந்து பார்க்காத கழிவு. கடல் பக்கத்திலேயே இருந்தும் அதைப் பார்க்க நேரம் கிடைக்காத வேலை இது.

2018இல் உலகச் செய்தியான கல் இந்தக் கழிவுக்குள்தான் இருந்தது. 2011 அகழாய்வில் வெளிவந்த சில்கிரீட் கல்சில்லு. நீளம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. கேப் டவுன் ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர் லூகா பொல்லரோலோவின் கண்ணில் அதன் சிவப்புக் கோடுகள் பட்டன. ஏறக்குறைய இணையாக ஆறு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகள். அடுக்கின் வயது சுமார் 73,000 ஆண்டு.

கோடு தெரிந்தது ஆய்வின் தொடக்கமே. கல்லுக்குள் இயற்கையாக ஓடும் இரும்புக் கறையா, மண்ணிலிருந்த காவி உரசியதா, மனிதர் இழுத்ததா? பிரான்செஸ்கோ டெரிக்கோ உள்ளிட்ட குழுவினர் அதை நுண்ணோக்கியிலும் வேதிப் பகுப்பாய்விலும் வைத்துப் பார்த்தனர். கோடுகள் மேற்பரப்பில் படிந்த காவிப் பொடி என்பது உறுதியானது. அடுத்து அதே வகைக் கற்களில் தாங்களே வரைந்து பார்த்தனர்: காவிச் சாயத்தைத் தூரிகையில் தோய்த்து ஒரு முறை, கூராக்கிய காவிக்கட்டியால் இன்னொரு முறை. பழைய கோடுகள் கட்டியால் இழுத்தவற்றோடு ஒத்துப்போயின. வரைவதற்கு முன்பே அந்தப் பரப்பு தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. கோடுகள் விளிம்பில் சட்டென்று அறுபடுவதால், முன்பு பெரிய கல்லொன்றில், அநேகமாகக் காவி அரைத்த கல்லில், விரிந்திருந்த வரைவின் துண்டு இது என்று முடிவு செய்தார்கள். இதே குகையில் குறுக்குக்கோடுகள் கீறிய காவிக்கட்டிகள் 2002இலேயே அறிவிக்கப்பட்டிருந்தன. பழக்கமான ஒரு வடிவத்தையே வெவ்வேறு பொருள்களில் போட்டிருக்கிறார்கள் என்ற வாதத்துக்கு இது பலம்.

கீறல்களுக்கு வேறு சோதனை. கல்முனை இழுத்த பள்ளத்தின் அடியில் நுண்ணிய இணைவரிகள் ஓடும். வேர் அரித்த தடத்திலோ விலங்கு கடித்த தடத்திலோ அவை அதே ஒழுங்கில் வரா. பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் எந்தக் கோடு எதன் மேல் ஏறுகிறது என்பதும் பிடிபடும்.

இந்தச் சந்தேகப் புத்தி இல்லாமல் கல் பொறுக்குவோர் எல்லா நாட்டிலும் உண்டு. கூழாங்கல்லில் முகம் தெரிகிறது என்பார்கள். மேகத்திலும்தான் யானை தெரிகிறது. 1925இல் தென்னாப்பிரிக்காவின் மகபான்ஸ்காட் குகையில் கிடைத்த செந்நிறக் கூழாங்கல்லில் கண்ணும் வாயும் துல்லியமாகத் தெரியும். அதைச் செதுக்கியது நீரும் தேய்மானமும்தான். ஆனால் அந்தக் கல் அந்தக் குகைக்கு உரியதல்ல. யாரோ தூக்கிவந்திருக்கலாம் என்பதே அதன் மதிப்பு. கிடந்த இடம் தெரியாமல் போயிருந்தால் அந்த ஊகத்துக்கே வழியில்லை.

நமீபியாவின் ஹுன்ஸ் மலையிலுள்ள அப்பல்லோ 11 குகைக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது: 1969 ஜூலையில் தொல்லியலாளர் வுல்ஃப்காங் வெண்ட் அங்கே அகழ்ந்துகொண்டிருந்தபோது நிலவில் மனிதன் இறங்கிய செய்தி வந்தது. கரியாலும் காவியாலும் வெள்ளையாலும் விலங்குகள் தீட்டிய ஏழு பலகைக்கல் துண்டுகள் அங்கே கிடைத்தன. ஒரே படத்தின் இரண்டு பாதிகளில் ஒன்று 1969இலும் மற்றது 1972இலும் வெளிவந்து பொருந்தின. பூனையினத்து உடல், மனிதக் கால்போன்ற பின்னங்கால். அவை கிடந்த அடுக்கின் கரித்துண்டுகள் ரேடியோ கார்பன் முறையில் 25,500 முதல் 27,500 ஆண்டு வரை காட்டின. காலம் கணிக்கப்பட்டது அடுக்குக்கு; படம் அதைவிடப் பழையதாகவும் இருக்க இடமுண்டு.

இவற்றை வரைந்தவர்களை தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பழங்குடிகளான இன்றைய சான் மக்களின் நேர் முன்னோர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. பிற்காலக் கற்களுக்கு அந்த உறவு நெருக்கமானது. 1911இல் கோல்ட்ஸ்ட்ரீம் பாறை ஒதுங்கிடத்தில் மனித எலும்புக்கூட்டோடு கிடைத்த கல்லில் மூன்று மனித உருவங்கள் இருக்கின்றன. சான் மரபில் வைத்தே அது படிக்கப்படுகிறது. 1870களில் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும் சான் பிரிவினரான கஸாம் மக்களிடம் கேட்டு எழுதிய சுமார் 12,000 பக்கக் குறிப்புகள் அத்தகைய படங்களுக்குத் துணை. அவற்றைக்கொண்டு பிளோம்போஸ் கோடுகளுக்கு அர்த்தம் சொல்வது துணிச்சல், அறிவாகாது. தங்களைப் பற்றிய ஆய்வு எப்படி நடக்கவேண்டும் என்று சான் மக்கள் 2017இல் தங்கள் நெறிமுறையை வெளியிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1999 பாரம்பரியச் சட்டப்படி தொல்பொருள்கள் அரசுக்குச் சொந்தம். அனுமதியின்றித் தோண்டுவதும் எடுப்பதும் குற்றம். கோடு போட்ட கல்லொன்று கண்ணில் பட்டால் அதைத் தொடாமல், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு துறைக்குத் தெரிவிப்பதே முறை. துடைப்பதும் நீரூற்றிக் கழுவுவதும் கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணும் நிறத்துகளும்கூடப் பின்னால் ஆய்வுக்கு வேண்டியவை.